ஏ.ஈ.டி. பெட்டியும் ஐந்து மணிக்குப் பூட்டுகிற கதவும்

ரொறன்ரோவில் எத்தனை ஏ.ஈ.டி. இருக்கிறது என்று ஆரையாவது கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பட்டியல் வரும். பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, ஐஸ் ஹொக்கி அரங்கில் இருக்கிறது, நகரசபைக் கட்டடத்தில் இருக்கிறது, இன்ன சங்கம் இன்ன மண்டபத்துக்கு ஒன்று அன்பளிப்புச் செய்தது, படம்கூடப் பேப்பரில் வந்தது. நல்லது. இனி அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு எத்தனை இருக்கிறது?

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே நாங்கள் வருஷக்கணக்காகப் பெட்டி வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, அதைக் கொட்டத்தான் இன்றைக்கு இந்தக் கட்டுரை.

ஏ.ஈ.டி. என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். இதயப் படத்துக்கு நடுவே மின்னல் கீறிய ஒரு பலகைக்குக் கீழே, சாப்பாட்டுப் பெட்டி மாதிரி ஒன்று சுவரில் இருக்குமே, அதுதான். ஒருவர் திடீரென்று விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால், 911க்கு அடித்துவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கவேண்டும். பெட்டி வந்தவுடன் திறந்து இரண்டு ஒட்டுத்தகடுகளை வெறும் நெஞ்சில் ஒட்டினால் மிச்சத்தை அதுவே வாய்விட்டுச் சொல்லித் தரும். இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறதா என்று அதுவே பார்க்கும், ஷொக் தேவை என்றால் மட்டும்தான் கொடுக்கும். (நேர்கோடாகப் போன இதயத்துக்கு ஷொக் கொடுத்து எழுப்புகிறதெல்லாம் சினிமாவில் மட்டும்.) மாரடைப்பும் இதுவும் ஒன்று என்று கனபேர் நினைக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர் உங்களோடு கதைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இதயம் நின்றவர் கதைக்கமாட்டார். மாரடைப்பு இதயத்தை நிறுத்தவும் கூடும், அது வேறு. முக்கியமான கணக்கு இதுதான்: ஒன்றும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை இறங்கும்.

ஆகவே பெட்டி எவ்வளவு நல்லது என்பது அது எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதிலேயே தங்கியிருக்கிறது. இதை வடிவாகக் காட்டியது, நம்பமாட்டீர்கள், சூதாட்ட விடுதிகள். 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. கசினோக் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பெட்டியையும் கையில் கொடுத்தார்கள். இதயம் நடுங்கி விழுந்த 105 பேரில் 53 வீதமானவர்கள் பிழைத்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார்கள். விழுந்ததை ஒருவர் கண்டு, மூன்று நிமிடத்துக்குள் ஷொக்கும் கிடைத்தவர்கள் மட்டும் என்று எடுத்தால் 74 வீதம். கசினோவில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே கமரா, ஒவ்வொரு மூலையிலும் காவலாளி, கதவு பூட்டுகிற வழக்கமே இல்லை. வாடிக்கையாளருக்கு அங்கே நிகழ்தகவு சாதகமாக இருக்கிற ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும் :-)

சிக்காகோ விமான நிலையங்களிலும் அதே கதை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கெதியாக நடந்தால் 60 முதல் 90 செக்கன் என்கிற மாதிரி வைத்தார்கள். முதல் இரண்டு வருஷத்தில் இதயம் நடுங்கி விழுந்த 18 பேரில் 11 பேரை மீட்டார்கள். அங்கே எண்ணிக்கை பிறகு வந்தது. முதலில் "எவ்வளவு நேரத்தில் கைக்கு எட்டவேண்டும்" என்று தீர்மானித்தார்கள். அதிலிருந்து எத்தனை பெட்டி என்பது தானாகப் பிறந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருவம். நாங்கள் செய்தது தலைகீழ்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ரிமோத்தி சான் என்று ஒரு பொறியியல் பேராசிரியர் இருக்கிறார். களஞ்சியத்தை எங்கே கட்டினால் எல்லாக் கடைக்கும் கிட்ட இருக்கும் என்று கணக்குப் போடுவார்களே, அந்த வகைக் கணித ஆள். அவருடைய குழு அதே கணக்கை இதயம் நின்ற இடங்களுக்குப் போட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டது. 2005 கடைசி முதல் 2010 நடுப்பகுதி வரை ரொறன்ரோவில் பொது இடங்களில் 1,310 பேருக்கு இதயம் நின்றிருக்கிறது. அந்த நேரம் நகரத்தில் பதிவாகியிருந்த ஏ.ஈ.டி. 1,669. விழுந்த ஆட்களைவிடப் பெட்டி கூட! ஆனால் 100 மீற்றருக்குள் ஒரு பெட்டியாவது இருந்தது எத்தனை பேருக்குத் தெரியுமா? 304. நூற்றுக்கு 23. விழுந்த இடத்திலிருந்து கிட்டடிப் பெட்டிக்குச் சராசரித் தூரம் 281 மீற்றர். போய் எடுத்துக்கொண்டு திரும்பி வர அரைக் கிலோமீற்றருக்கு மேல். பனிக்காலத்தில், சப்பாத்து வழுக்க வழுக்க.

இதற்குப் பிறகு வருகிற இலக்கத்தைத்தான் நான் அச்சடித்து நகரசபை வாசலில் ஒட்டவேண்டும் என்று நினைக்கிறேன். கணக்கு காட்டிய முதல் 30 இடங்களில் 30 பெட்டியை மட்டும் வைத்திருந்தால், இன்னும் 112 பேர் 100 மீற்றருக்குள் வந்திருப்பார்கள். திரும்ப வாசியுங்கள். 1,669 பெட்டிகள் எட்டிப் பிடித்தது 304 பேரை. யோசித்து வைத்த 30 பெட்டி எட்டிப் பிடித்திருக்கும் 112 பேரை. பழைய நிகழ்வுகளை வைத்துப் போட்ட கணக்கு இது, அடுத்த ஆள் அதே சந்தியில்தான் விழுவார் என்று சட்டமில்லை, அது சரிதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இது தூரம். நேரம் இன்னும் மோசம்.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 1994 முதல் 2011 வரை பொது இடத்தில் இதயம் நின்ற 1,864 பேரையும் நகரத்தில் இருந்த 552 ஏ.ஈ.டி.களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 24 மணிநேரமும் எடுக்கக்கூடியதாக இருந்த பெட்டிகள் வெறும் 9 வீதம். பத்துப் பெட்டியில் ஒன்பது ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால். இதயம் நின்றவர்களில் 60 வீதத்துக்கு மேல் விழுந்தது பின்னேரம், இரவு, சனி ஞாயிறு. அந்த நேரங்களில், வரைபடத்தில் "கிட்ட இருக்கிறது" என்று காட்டிய இடங்களில் பாதிக்கு மேல் உண்மையில் கிட்ட இல்லை, பூட்டு. 2016இல் சான் குழு ரொறன்ரோவுக்கும் இதைப் பார்த்தது. வரைபடத்தின்படி 451 பேர் பெட்டிக்குக் கிட்ட விழுந்திருந்தார்கள். கட்டடம் திறந்திருக்கிற நேரத்தையும் சேர்த்தால் 354. மிச்சம் 97 பேருக்குப் பெட்டி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

97 பேர் என்று எழுதும்போது இலக்கமாகத்தான் இருக்கிறது. அதில் ஒருவர் உங்களுடைய பெரியப்பாவாக இருந்தால்?

அப்ப எங்கேதான் வைப்பது? 2017இல் அதே குழு அதற்கும் பதில் சொன்னது. நகரத்தில் கிளை கிளையாக இருக்கிற வியாபாரங்களையும் நகரசபைக் கட்டடங்களையும் எடுத்து, எதற்குக் கிட்ட, அது திறந்திருக்கிற நேரத்தில், கூட ஆட்கள் விழுகிறார்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். முதலாவதாக வந்தது என்ன? ரிம் ஹோட்டன்ஸ்! அதற்குப் பிறகும் ஸ்டார்பக்ஸ் மாதிரிக் கோப்பிக்கடைகளும் பெரிய வங்கிகளின் ஏ.ரி.எம்.களும்தான் முன்வரிசையில். இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். டோனட் விற்கிற இடத்திலேயே இதயப் பெட்டியா என்று பகிடி விடுவது லேசு. யோசித்துப் பாருங்கள், வழியில் போகிற பத்துப் பேரைப் பிடித்து "கிட்டடி ஏ.ஈ.டி. எங்கே?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "கிட்டடி ரிம்ஸ் எங்கே?" என்றால் நித்திரையிலும் கை காட்டுவார்கள். இந்த ஊரில் சிவப்பு எழுத்தில் அந்தப் பெயரை விட வெளிச்சமான அடையாளம் கிடையாது. ஏ.ரி.எம். அறை இரவிலும் திறப்பு, சூடாக இருக்கும், கமரா வேறு இருக்கும். (சூடு முக்கியம். இந்தப் பெட்டிகளில் கனக்க பூச்சியப் பாகைக்குக் கீழே வைக்கக்கூடாதவை. வெளியே மாட்டுவதென்றால் சூடாக்கிய அலுமாரி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும்.)

ஆனால் நடப்பது என்ன? பெட்டி எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம். ஒன்று, கட்டடத்தின் வகை. மனிற்றோபா மாகாணம் கனடாவிலேயே முதல்முதல் ஏ.ஈ.டி.யைச் சட்டப்படி கட்டாயமாக்கியது, 2014 ஜனவரி முடிவுக்குள் மாட்டவேண்டும் என்று. அதற்கு அவர்களைப் பாராட்டுகிறேன். பட்டியலைப் பார்த்தால் ஜிம், அரங்கு, பள்ளிக்கூடம், கோல்ஃப் மைதானம், விமான நிலையம் என்று போகும். ஓடி விளையாடுகிறவன்தான் விழுவான் என்கிற எண்ணம் அதில் தெரிகிறது. பள்ளிக்கூடம் பின்னேரம் பூட்டு, சனி ஞாயிறு பூட்டு, கோடை இரண்டு மாதம் பூட்டு. கோல்ஃப் மைதானம் ஆறு மாதம் பனிக்குள்ளே. இரண்டாவது விஷயம், கொடுக்கிறவரின் விருப்பம். காசு கொடுக்கிறவர் தனக்குப் பழக்கமான, படம் எடுத்தால் வடிவாக வருகிற இடத்துக்குக் கொடுப்பார். ஏ.ரி.எம். அறைக்குள் ரிப்பன் வெட்டினால் எடுபடாது.

இதுவரைக்கும் நான் சான் குழுவின் பக்கம். இனி அவர்களோடும் ஒரு வழக்கு.

மேலே சொன்ன 1,310 பேரும், அதற்குப் பிறகு வந்த கணக்குகளில் இருக்கிறவர்களும் "பொது இடத்தில்" விழுந்தவர்கள். இதயம் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் விழுவது வீட்டில். ரொறன்ரோவில் வீடு என்றால் என்ன? வெல்ஸ்லி பார்லிமென்ற் பக்கத்து மாடிகள், தோர்ன்கிளிஃப், கிரசென்ற் ரவுன், ஸ்காபரோவில் பஸ் போகிற தெரு நீளத்துக்கும் நிற்கிற பதினைந்து இருபது மாடிகள். எங்களில் கனபேர் இந்த நாட்டுக்கு வந்து முதல் கதவு திறந்தது அப்படியான ஒரு மாடியில்தான். ஒரு கட்டடத்தில் இருநூறு வீடு, ஊரில் ஒரு சின்னக் கிராமத்துச் சனம். அந்தக் கிராமத்தைக் கணக்கு "தனியார் இடம்" என்று எழுதி வெளியே வைத்துவிடுகிறது.

2016இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவிலும் பக்கத்துப் பீல் பிராந்தியத்திலும் 2007 முதல் 2012 வரை வீட்டில் இதயம் நின்றவர்களை மாடிவாரியாகப் பிரித்தது. மூன்றாம் மாடிக்குக் கீழே பிழைத்தவர்கள் 4.2 வீதம். மூன்றாம் மாடியும் அதற்கு மேலும் 2.6 வீதம். 16ஆம் மாடிக்கு மேலே விழுந்த 216 பேரில் பிழைத்தது இரண்டு பேர். 25ஆம் மாடிக்கு மேலே விழுந்த 30 பேரில் ஒருவரும் இல்லை. காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. கட்டடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு நோயாளியிடம் போய்ச் சேர, கீழ் மாடிகளில் மூன்று நிமிடம், மேல் மாடிகளில் கிட்டத்தட்ட ஐந்து. லிஃப்ற் வரவேண்டும், வாசல் கதவுக்கு ஆரோ பொத்தான் அமத்தவேண்டும், எந்தப் பக்கத்து நடைபாதை என்று தேடவேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஏழு முதல் பத்து வீதம் என்று மேலே பார்த்தோமே.

அதோடு இன்னொன்றையும் சேருங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியில் ஐந்தாறு வருஷம் முந்தி வருகிறது. பல நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் எங்களுக்கு 53 வயது, மற்றவர்களுக்கு 59க்குக் கிட்ட. ஆக யாருடைய வீட்டு மாடிக்குப் பெட்டி வேண்டும் என்று இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

மாமி ஒருவர் இருக்கிற கட்டடம் பதினெட்டு மாடி. பெயர் வேண்டாம். அங்கே ஏ.ஈ.டி. இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறதாம்! மனேஜரின் அலுவலகத்துக்குள். அலுவலகம் ஒன்பதிலிருந்து ஐந்து, மதியம் ஒரு மணிநேரம் பூட்டு, சனி ஞாயிறு இல்லை. "ஏன் வெளியே வைக்கேல்லை?" என்றால் "களவு போயிடும்" என்று பதில். அதே நடைபாதையில் தீயணைப்பான் தொங்குகிறது. அதை ஒருவரும் அலுவலகத்துக்குள் வைத்துப் பூட்டுவதில்லை, ஏனென்றால் சட்டம் விடாது. திறந்தால் கத்துகிற அலுமாரி கடையில் கிடைக்கிறது. போனால் போகட்டும், ஒன்று களவு போனால் இன்னொன்று வாங்கலாம். பூட்டி வைத்தது ஒவ்வொரு இரவும் களவு போன மாதிரித்தானே?

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2004இல் வந்த பெரிய வட அமெரிக்க ஆய்வில் பயிற்சி பெற்ற தொண்டர்களிடம் ஏ.ஈ.டி.யும் கொடுத்த இடங்களில் 128 பேரில் 30 பேர் பிழைத்தார்கள். நெஞ்சை அமுக்க மட்டும் பழக்கிய இடங்களில் 107 பேரில் 15. ஆனால் குடியிருப்புக் கட்டடங்களில் பிழைத்தது மொத்தமே இரண்டு பேர். 2008இல் மாரடைப்பு வந்த 7,001 பேரை எடுத்து, பாதிப்பேரின் வீட்டில் சொந்தமாக ஒரு பெட்டி வைத்துப் பார்த்தார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. "பார்த்தியா, வீட்டில் வைத்துப் பிரயோசனம் இல்லை" என்று இதைக் காட்டுவார்கள்.

வீட்டில் ஏன் வேலை செய்யவில்லை? விழுகிறதை ஒருவரும் காணாவிட்டால் பெட்டி என்ன செய்யும்? கண்டாலும், இருப்பது ஒரே ஒருவர் என்றால் அவர் நெஞ்சை அமுக்குவதா, பெட்டி எடுக்க ஓடுவதா? அது தனிவீட்டின் பிரச்சினை. மாடிக் கட்டடத்தில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலும் இருக்கிறது. அந்த ஆளைக் கூப்பிட ஒரு வழிதான் இல்லை. சிங்கப்பூர் 2015இல் அதைத்தான் செய்யத் தொடங்கியது. வீவக அடுக்குமாடிகளில் இரண்டு புளொக்குக்கு ஒன்று என்ற கணக்கில் லிஃப்ற் வாசலில் ஏ.ஈ.டி. மாட்டினார்கள். கூடவே, இதயம் நின்றதாக அழைப்பு வந்தால் 400 மீற்றருக்குள் இருக்கிற தொண்டர்களின் கைபேசிக்குச் செய்தி போகிற ஏற்பாடு. பெட்டியையும் ஆளையும் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். அவர்களுக்கு வீட்டின் சொந்தக்காரன் அரசாங்கம், ஆனபடியால் லேசு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் எங்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது.

2017இலிருந்து ரொறன்ரோவில் மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்கள் எல்லாம் ரென்ற்சேஃப் திட்டத்தில் நகரசபையிடம் பதிய வேண்டும். மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிட்டக் கட்டடங்கள். ஆய்வாளர்கள் வந்து குப்பை அறை, படிக்கட்டு வெளிச்சம், லிஃப்ற் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுகிறேன்: லிஃப்ற் வாசலில், பூட்டில்லாமல், ஏ.ஈ.டி. இருக்கிறதா, ஒட்டுத்தகட்டின் திகதி முடிந்துவிட்டதா? பன்னிரண்டு மாடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு மாடியில் இரண்டாவது பெட்டி. உயரமான கட்டடங்களிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் 216இல் இரண்டு என்பது அங்கேதான். ஒன்ராறியோ சட்டமன்றம் 2020இல் ஏ.ஈ.டி.களைப் பதிவதற்கும் மக்கள் எட்டக்கூடியதாக வைப்பதற்கும் என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு என்றால் முகவரி மட்டும் போதாது, திறந்திருக்கிற நேரமும் வேண்டும். 911இல் இருக்கிறவர் இரவு இரண்டு மணிக்குப் பூட்டிய பள்ளிக்கூடத்துக்கு உங்களை அனுப்பினால், அந்தப் பதிவு இல்லாமலே இருந்திருக்கலாம்.

எங்களுடைய பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுடைய மனசில் குறையில்லை, காசும் சேர்க்கத் தெரியும். அடுத்த முறை பெட்டி வாங்கினால், மாதத்தில் நாலு கலியாணத்துக்குத் திறக்கிற மண்டபத்துக்குக் கொடுக்கவேண்டாம். உங்களுடைய அங்கத்தவர்களில் அறுபது வயது தாண்டியவர்கள் எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று உங்களிடமே முகவரிப் புத்தகம் இருக்கிறது. அதில் ஆகக் கூடுதலாக வருகிற முகவரிக்குப் போங்கள். அலுமாரியோடு சேர்த்துக் கொடுங்கள், பொது நடைபாதையில் மாட்டினால்தான் தருவோம் என்று கையெழுத்து வாங்குங்கள். படம் எடுக்கலாம், நான் தடுக்கமாட்டேன். லிஃப்ற் கதவுக்கு முன்னால் நின்று எடுங்கள்.

செலவு என்பார்கள். ஒரு பெட்டி இரண்டாயிரம் டொலர் அளவில். மாமியின் கட்டடத்தில் இருநூறு வீடு. வீட்டுக்குப் பத்து டொலர், வருஷத்துக்கு ஒருதரம்கூட இல்லை, பெட்டி பழசாகும் வரைக்கும். பற்றறியும் ஒட்டுத்தகடும் இடைக்கிடை மாற்றவேண்டும், அதற்கு இன்னும் ஒரு ஐந்து டொலர் போடுங்கள்.

பி.கு.: "ஷொக் கொடுத்து ஏதும் பிழைத்துப் போனால் வழக்குப் போடுவார்களோ?" என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒன்ராறியோவில் 2007இலிருந்து சேஸ் மக்எக்ரன் சட்டம் இருக்கிறது. அவசரத்தில் நல்ல மனதோடு ஏ.ஈ.டி. பாவித்தவர் படுமோசமான அலட்சியம் காட்டியிருந்தால் தவிர அவர்மேல் நட்டஈடு கேட்க முடியாது. பேரீயைச் சேர்ந்த 11 வயதுப் பொடியன் ஒருவனின் பெயர் அது. பள்ளிக்கூடங்களிலும் அரங்குகளிலும் இந்தப் பெட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன், 2006இல் இதயம் நின்று இறந்துபோனான்.